சுவரைத் திறக்கும் முன்பே வந்துவிட்ட கேபினெட்: 2025-இல் ஒரு சமையலறைச் சீரமைப்பு

பின்னணி

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் ஒரு தமிழ்த் தம்பதி. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர். 1983-இல் கட்டிய இரண்டு மாடி வீடு. சமையலறை கட்டிய நாளில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்தது: ஓக் மரக் கதவுகள், லேமினேட் கவுன்டர், புகையை வெளியே அனுப்பாமல் திரும்ப அறைக்குள்ளேயே விடும் ஒரு ஹூட். மிளகாய் தாளித்தால் மாடியில் இருப்பவருக்கும் இருமல் வரும். 2025 ஜனவரியில், இந்த வருடம் எப்படியும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

எனக்குக் கட்டுமான நிறுவனம் ஒன்றில் எஸ்டிமேட் போடும் வேலை. இவர்களுடைய கான்ட்ராக்டர் யாரென்று எனக்குத் தெரியாது, அந்த வேலையில் எனக்குப் பங்கும் இல்லை. கொட்டேஷன்களைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள், கடைசி பில் வரை எல்லாவற்றையும் காட்டினார்கள். அந்தக் காகிதங்களை வைத்து, அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். வீட்டுக் கணக்கில் உள்ள எண்கள் எல்லாம் டாலரில்.

முதல் கொட்டேஷன்

மார்ச் மாதம் கையில் இருந்த எஸ்டிமேட் 66,000. கேபினெட் 18,600. குவார்ட்ஸ் கவுன்டர், வெட்டிப் பொருத்துவது உட்பட, 6,400. ஃபிரிட்ஜ், அடுப்பு, டிஷ்வாஷர், ஹூட் எல்லாம் சேர்த்து 9,200. தரைக்கும் சுவருக்கும் டைல் 3,800. ஒயர், குழாய், சிங்க், விளக்கு 4,500. கூலி, இடிப்பு, குப்பை டம்ப்ஸ்டர், பெர்மிட், கான்ட்ராக்டரின் லாபம் 23,500. ஜூலை முதல் வாரம் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசியில் முடிப்பதாகப் பேச்சு.

எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கொட்டேஷனில் ஒரு வார்த்தை இல்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. கேட்டுப் பார்த்ததில் கேபினெட் வியட்நாம், கல் இந்தியா என்று தெரிந்தது. இதுவும் பழைய வரிகளின் விளைவுதான். சீனக் குவார்ட்ஸ் மீது 2019-லும், சீன மரக் கேபினெட் மீது 2020-லும் அமெரிக்கா கடுமையான பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அநியாயமாக விலை குறைத்து இறக்குமதி செய்வதைத் தடுக்கும் வரி) போட்டது. கல் வியாபாரம் இந்தியாவுக்கும், கேபினெட் வியாபாரம் வியட்நாம், மலேசியா பக்கமும் நகர்ந்தது. இந்தியக் குவார்ட்ஸுக்கும் 2020-இல் அதே வகை வரி வந்தது, ஆனால் சீனாவுக்குப் போட்ட அளவுக்கு இல்லை.

கொட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் '30 நாள் செல்லும்' என்று இருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2-க்குப் பிறகு

ஏப்ரல் 2 அன்று நாடுவாரியான வரிப் பட்டியலை அமெரிக்க அதிபர் அறிவித்தார். வியட்நாமுக்கு 46%. மறுநாளே கான்ட்ராக்டரிடமிருந்து மெயில் வந்தது: கேபினெட் விலை இனி 7 நாள்தான் செல்லும், வரி ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தர வேண்டும்.

அன்று இரவு அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "அண்ணா, 18,600 மேல 46 பர்சென்ட்னா 27,000 தாண்டுதே. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடவா?"

வியட்நாமுக்கான 46% ஏப்ரல் 9-ஆம் தேதி அமலுக்கு வந்தது, அதே நாளில் 90 நாளுக்கு நிறுத்தியும் வைக்கப்பட்டது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான 10% மட்டும் நின்றது. ஆனால் 7 நாள் கெடு மட்டும் 30 நாளுக்குத் திரும்பவே இல்லை. அந்த வருடம் முழுவதும் நான் பார்த்த கொட்டேஷன்களில் வரி விகிதம் ஏறியது, இறங்கியது. செல்லுபடிக் காலம் குறைந்தது குறைந்ததுதான். வீட்டுக்காரரின் முடிவுகளைக் கெடுத்ததில் விகிதத்தைவிட இந்தக் கெடுவுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

46% எதன் மேல்?

அந்த அம்மாவின் 27,000 என்ற கணக்கு பலரும் போடுவதுதான், ஆனால் அது தவறு. இறக்குமதி வரி நாம் கடையில் கொடுக்கும் விலைமேல் விழுவதில்லை. சரக்கை இறக்குமதி செய்பவர் சுங்கத்தில் காட்டும் மதிப்பின் மேல் விழுகிறது. வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குக் கொடுத்த விலைதான் அதற்கு அடிப்படை. அதற்கு மேல் கப்பல் கூலி, கிடங்கு, விநியோகஸ்தர் லாபம், கடை லாபம், வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் ஏறித்தான் 18,600 ஆகிறது. விநியோகஸ்தரின் விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து, சுங்க மதிப்பு 7,400 சுற்றி இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். அதில் 46% என்றால் சுமார் 3,400. முழுவதையும் நம் தலையில் கட்டினாலும் விலை 22,000 ஆகும், 27,000 ஆகாது.

இன்னொரு விஷயம், ஆர்டர் போட்ட தேதியை வைத்து வரி போடுவதில்லை. சரக்கு அமெரிக்கச் சுங்கத்தில் நுழையும் நாளில் என்ன விகிதமோ அதுதான். கடலில் இருக்கும் சரக்குக்குச் சில உத்தரவுகள் சலுகை தரும், சில தராது. ஏற்கெனவே உள்நாட்டுக் கிடங்கில் இருக்கும் பெட்டிக்குப் புதிய வரி கிடையாது. அதற்காக அதன் விலை ஏறாது என்றும் சொல்ல முடியாது. அடுத்த கன்டெய்னர் என்ன விலைக்கு வருமோ அதைப் பார்த்துத்தான் வியாபாரி இன்றைய சரக்கை விற்பார். நம் ஊரில் தங்கம் விற்கும் கடைக்காரர் நேற்று வாங்கிய விலையில் விற்கிறாரா என்ன?

எடுத்த முடிவுகள்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கேபினெட்டின் 22 பெட்டிகளில் எத்தனை இப்போது நியூ ஜெர்சி கிடங்கில் இருக்கிறது? 17 என்று பதில் வந்தது. உயரமான பேன்ட்ரி, மூலை அலமாரி உள்ளிட்ட ஐந்து பெட்டிகள் கப்பலில் வர வேண்டியவை.

தம்பதி வரைபடத்தை மாற்றினார்கள். கிடங்கில் இருக்கும் அளவுகளை வைத்தே 22-ஐயும் தேர்ந்தெடுத்தார்கள். மூலையில் சுழலும் தட்டு போனது. வெட் கிரைண்டரை அடியிலிருந்து மேலே தூக்கித் தரும் இரும்புக் கை போனது. அந்த அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், 'அதுக்காகத்தானே இந்த டிசைனே' என்றார். பேன்ட்ரி அகலம் மூன்று அங்குலம் குறைந்தது, ஆனால் அரிசி மூட்டை நிற்கும். விலை 17,900. ஏப்ரல் மூன்றாவது வாரம் முழுப் பணமும் கட்டி ஆர்டர் போட்டார்கள். நிறுத்தி வைத்த 46% ஜூலையில் திரும்பினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் அது நியாயமான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கான்ட்ராக்டர் எழுதியிருந்த 'வரி ஏறினால் வித்தியாசம்' என்ற வாசகத்தையும் அப்படியே விடவில்லை. மூன்று திருத்தம் கேட்டு வாங்கினார்கள். கூடுதல் தொகைக்கு விநியோகஸ்தரின் பில்லைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே வாங்கிய பொருளுக்கும் கூலிக்கும் அது பொருந்தாது. ஏதாவது ஒரு பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வேறு பொருள் மாற்றிக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. கான்ட்ராக்டர் முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார். நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுதத்தான் போகிறோம் என்றால் இதையும் சேர்த்து எழுதிவிடலாம்.

சமையலறைச் சாதனங்களை மே கடைசியில் மெமோரியல் டே தள்ளுபடியில் வாங்கி, டெலிவரியைத் தள்ளிப் போட்டார்கள். விலை 8,750. ஜூன் 4 அன்று எஃகு, அலுமினிய வரி 25-லிருந்து 50% ஆனது. ஜூன் 23 முதல் ஃபிரிட்ஜ், அடுப்பு, டிஷ்வாஷர் போன்றவற்றில் உள்ள எஃகின் மதிப்புக்கும் அது நீண்டது. இதை முன்கூட்டியே கணித்து வாங்கவில்லை, தள்ளுபடிக்காக வாங்கியது. ஹூட் விஷயத்தில் மட்டும் அந்த அம்மா பெரிதாகக் கேட்டார். நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை இழுக்கும் ஹூட் என்றால் வெளிக்காற்று உள்ளே வரத் தனி ஏற்பாடு வேண்டும் என்று கட்டட விதி குறுக்கே வந்தது. 400-க்குள் ஒன்றை வாங்கி, குழாயை நேராக வெளிச்சுவருக்கு விடச் சொன்னோம். இப்போது தாளிக்கும்போது மாடியில் இருமல் இல்லை.

கோடைக்காலம்

ஜூலை முதல் வாரம் வேலை ஆரம்பிக்கவில்லை. வரிக்குப் பயந்து ஏப்ரல், மே மாதங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள் மட்டும் இல்லையே. கான்ட்ராக்டரின் ஆட்கள் அதே ஆட்கள், வரிசை மட்டும் நீண்டுவிட்டது. ஜூலை ஆகஸ்ட் ஆகி, ஆகஸ்ட் செப்டம்பர் 8 ஆனது. பெர்மிட் எல்லாம் எப்போதோ வந்து சுவரில் ஒட்டியாகிவிட்டது.

கேபினெட் பெட்டிகள் மே மாதமே வந்துவிட்டன. கராஜில் வைக்கலாம் என்றார் கணவர். கோடை ஈரப்பதத்தில் மரப் பலகை ஊதி, கதவு வளைந்துவிடும், உற்பத்தியாளர் உத்தரவாதமும் போய்விடும் என்பதால் சாப்பாட்டு அறையில் அடுக்கினார்கள். நான்கு மாதம் அந்த அறை கிடங்காகவே இருந்தது. செப்டம்பர் 22 அன்று நவராத்திரி தொடங்கியபோது அந்த அம்மா ஒரு வேலை செய்தார்: உயரவாரியாகப் பெட்டிகளை அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்து, அதையே கொலுப்படி ஆக்கிவிட்டார். தச்சர் வந்து பார்த்துவிட்டு, விஜயதசமி முடியும்வரை பெட்டியைத் தொடாமல் வேறு வேலை பார்த்தார்.

இந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடனிலிருந்து எடுத்த 17,900-க்கு ஏறக்குறைய 8% வட்டி. நான்கு மாதத்துக்குச் சுமார் 480. ஒப்பந்தத் தொகையில் இது தெரியாது, வங்கி அறிக்கையில்தான் தெரியும்.

இதற்குள் வரி வேறு உருவம் எடுத்திருந்தது. ஆகஸ்ட் 7 முதல் வியட்நாமுக்கு 20%. அன்றே இந்தியாவுக்கு 25%. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக ஆகஸ்ட் 27 முதல் இந்தியாவுக்கு இன்னொரு 25, ஆக மொத்தம் 50%.

சுவரைத் திறந்தபோது

பழைய கேபினெட்டுக்கு மேலே, கூரை வரை, பெட்டி போல ஜிப்சம் பலகை அடித்து மூடியிருந்தது. சாஃபிட் என்பார்கள். 80-களில் கட்டிய வீடுகளில் சர்வ சாதாரணம். அதை இடித்துவிட்டு, கூரையைத் தொடும் 42 அங்குல மேல் அலமாரிகளை மாட்டுவதுதான் திட்டம். ஏப்ரல் மாத வரைபடத்தில் 'சாஃபிட் உட்பகுதி இடிக்கும்போது சரிபார்க்கப்படும்' என்று ஒரு குறிப்பு இருந்தது. கணவர் அதைப் பற்றி அப்போதே கேட்டார். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும் என்றார் கான்ட்ராக்டர். அது உண்மையும்கூட. ஓட்டை போட்டுப் பார்க்க ஆள் வர இரண்டு வாரம் ஆகும், விலைக்கோ 7 நாள் கெடு. ஓட்டை போடாமலே ஆர்டர் போனது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் பலகையை இறக்கியபோது, சிங்க் பக்கத்து மூலையில் மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று அங்குலக் குழாய், சரிவுக்காகத் தாழ்ந்து தாழ்ந்து போகிறது. அந்த இடத்தில் 42 அங்குலப் பெட்டிகள் இரண்டு ஏறாது. குழாயை முழுவதும் நகர்த்த மாடித் தரையை உடைக்க வேண்டும். கொஞ்சம் மேலே தூக்கி, சின்னதாகப் பெட்டி அடித்து, கீழே 30 அங்குல அலமாரி வைப்பது என்று முடிவானது. குழாய் வேலைக்கு 1,400, அதற்குத் தனியாக ஒரு பிளம்பிங் இன்ஸ்பெக்ஷன்.

இரண்டு பெட்டிகளைத் திருப்பியதில் 780-க்கு 25% பிடித்துக்கொண்டார்கள், நஷ்டம் 195. மாற்றாக வேண்டிய மூன்று சிறிய பெட்டிகள் அந்த நிறத்தில் கிடங்கில் இல்லை. கப்பலில்தான் வர வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஆர்டர். செப்டம்பர் 29 அன்று புதிய உத்தரவு: சமையலறைக் கேபினெட், குளியலறை வானிட்டி (வாஷ்பேசினுக்கு அடியில் வரும் அலமாரி) இரண்டுக்கும் 1962-ஆம் வருட வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவின்கீழ் அக்டோபர் 14 முதல் 25%, ஜனவரி 1 முதல் 50%. பெட்டிகள் நவம்பர் முதல் வாரம் வந்தன. பில் 1,040, அதில் வரிக் கூடுதல் என்று தனியாக 74.

பலரும் அந்த 25-ஐப் பழைய 20-க்கு மேல் கூட்டி 45 என்று பயந்தார்கள். 232-ஆம் பிரிவு வரி விழுந்த பொருளுக்கு நாடுவாரி வரி இருக்கவில்லை. ஆக வியட்நாம் கேபினெட்டுக்கு உண்மையில் கூடியது ஐந்து புள்ளி. விநியோகஸ்தர் அனுப்பிய சுற்றறிக்கையில் இந்தக் கழித்தல் இல்லை. 'புதிய வரி 25%' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

74 டாலர் யாரையும் உலுக்கப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று பெட்டிகளுக்காக மேல் அலமாரி வரிசை முடியாமல் நின்றது, அலமாரி நில்லாமல் சுவர் டைல் ஒட்ட முடியவில்லை, டைல்காரர் வேறு வேலைக்குப் போய்த் திரும்பி வர 700 கேட்டார். கான்ட்ராக்டர் மேற்பார்வை என்று 500 சேர்த்தார். ஐந்து வாரம் நிலவறையில் ஒரு இண்டக்ஷன் அடுப்பில்தான் சமையல்.

கல்

கவுன்டரை அவசரப்படுத்த முடியாது. அடிக் கேபினெட் எல்லாம் மட்டம் பார்த்துப் பொருத்திய பிறகுதான் கல் வெட்டுபவர் வந்து டெம்ப்ளேட் (கல்லை வெட்டுவதற்கான சரியான அளவு மாதிரி) எடுப்பார். சுவர் எந்த வீட்டிலும் நேராக இருக்காது, காகித அளவை நம்பி கல்லை வெட்ட மாட்டார்கள். ஆனால் எத்தனை ஸ்லாப் (முழுக் கற்பலகை) வேண்டும் என்பது வரைபடத்திலேயே தெரியும். இவர்களுக்கு இரண்டு. வெட்டுபவர் மூலம் ஜூன் மாதமே வாங்கிக் கிடங்கில் நிறுத்தியிருக்கலாம். கேபினெட்டுக்கு ஏற்கெனவே கடன் எடுத்தாகிவிட்டது, கல்லுக்கும் இப்போதே வேண்டாம் என்று விட்டார்கள்.

செப்டம்பரில் அதே குவார்ட்ஸுக்கு 7,900 என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்த 10% வரம்பு இங்கே உதவியது, வேறு கல் பார்க்கக் கிளம்பினார்கள். கல் கிடங்கில் பழைய இருப்பாக 'காஷ்மீர் ஒயிட்' கிரானைட் இருந்தது. பெயர்தான் காஷ்மீர், வெட்டி எடுப்பது மதுரைப் பக்கம். 6,300-க்கு முடியும். கணவருக்கு ஊர்க் கல் என்ற ஆசை. ஆனால் அது நீர் உறிஞ்சும் கல், சீலர் போட்டாலும் மஞ்சளும் எண்ணெயும் இறங்கும். நம் சமையலுக்குச் சரி வராது என்று நானும் சொன்னேன், கல் வெட்டுபவரும் சொன்னார். கடைசியில் பழைய விலையில் இறங்கியிருந்த வேறொரு வெளிர் சாம்பல் நிற இந்தியக் குவார்ட்ஸ், 7,050-க்கு.

கடைசிக் கணக்கு

கேபினெட் 18,355. கவுன்டர் 7,050. சாதனங்கள் 8,750. டைல் 4,060. குழாய், ஒயர் வகை 4,880. இதில் ஆகஸ்ட் 1 முதல் செம்புக் குழாய், கம்பி வகைக்கு வந்த 50% வரியின் சாயல் உண்டு. தண்ணீர்க் குழாய் பெரும்பகுதியை பெக்ஸ் பிளாஸ்டிக்குக்கு மாற்றியதால் குறைவாகப் பட்டது. கூலி முதலானவை 26,100. மொத்தம் 69,195. முதல் எஸ்டிமேட்டைவிட 3,195 கூடுதல், 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். வரியோடு தொடர்புபடுத்தக்கூடிய விலையேற்றம் என்று கவுன்டரில் 650, டைலில் 260, குழாய் ஒயரில் 380, கேபினெட்டில் 74, ஆக 1,364. கூலிப் பக்கம் கூடியது 2,600. அதில் குழாயை நகர்த்தும் 1,400 எப்படியும் வந்திருக்கும், அதற்கு வரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மீதி 1,200, பெட்டிகளைத் திருப்பிய நஷ்டம், 480 வட்டி, ஐந்து வாரத் தாமதம் எல்லாம் சுவரைப் பார்க்காமல் ஆர்டர் போட்டதாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டதாலும் வந்தவை. எதிர்ப்பக்கம், கேபினெட்டையும் சாதனங்களையும் முன்கூட்டி வாங்கியதில் 1,150 மிச்சம் ஆனதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் முடிய வேண்டிய வேலை டிசம்பர் முதல் வாரம் இறுதி இன்ஸ்பெக்ஷனோடு முடிந்தது.

அடுத்த வேலையில் மாற்றியவை

டிசம்பர் நடுவில் அதே கான்ட்ராக்டர், மாடிக் குளியலறைக்கும் இப்போதே வானிட்டி எடுத்துவிடுங்கள், ஜனவரி 1 முதல் 50% என்றார். இந்த முறை தம்பதி அவசரப்படவில்லை. கடையில் அவர்கள் பார்த்த வானிட்டி 900 டாலர். சுங்க மதிப்பு அதில் பாதிகூட இருக்காது, ஆக 25-லிருந்து 50-க்குப் போனால் கூடுவது அதிகபட்சம் 100 சொச்சம். தவறான அளவை வாங்கித் திருப்பினால் 25% பிடித்தம் மட்டுமே 225. சுவரைத் திறக்காமல் வாங்க வேண்டாம் என்று பதில் எழுதினார்கள். டிசம்பர் 31 அன்று அந்த உயர்வு 2027 ஜனவரி 1-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. தள்ளி வைக்காமல் இருந்திருந்தாலும் அவர்கள் முடிவு சரியானதே.

குளியலறைக்கு அவர்கள் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் ஒரு நாள் கூலி தனியாகக் கொடுத்து, சிங்க்குக்குப் பின்னாலும் கூரையிலும் இரண்டு இடத்தில் பலகையை வெட்டிப் பார்ப்பது. அப்புறம் அளவு. அப்புறம் கான்ட்ராக்டரிடம் ஆரம்பத் தேதியை எழுத்தில் வாங்குவது, தேதி நான்கு வாரத்துக்கு மேல் தள்ளினால் டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும் உரிமையோடு. அதன் பிறகே ஆர்டர். கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எந்த நாடு, உள்நாட்டுக் கிடங்கில் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு கட்டம் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். கல்லை மட்டும் வரைபடம் முடிந்த வாரமே வாங்கி நிறுத்திவிடுவதாகத் திட்டம். வானிட்டிக்கு ஒரு ஸ்லாப்பில் பாதிகூட ஆகாது என்பதால், வெட்டுபவர் கிடங்கில் கிடக்கும் துண்டுக் கற்களில் தேடச் சொல்லியிருக்கிறேன்.